ஒரு சனிக்கிழமைக்கு ரெண்டு மேளம்

சொங்கோல் ஏரிக்கரை
ஜூலை 5

டேய் டமாரம்,

உயிரோடதான் இருக்கேன். இந்த மலை மேல சிக்னல் கிடையாது, கரண்ட் கிடையாது, மாமா மூஞ்சியில சிரிப்பு கிடையாது. இருக்கிறதெல்லாம் குதிரைங்க, அதுங்க போடுற சாணி, அதை அள்ள நான். கால் உடைஞ்சது அப்பாவுக்கு, இடுப்பு உடையிறது எனக்கு. இந்தக் கோடைக்கு அவருக்குப் பதிலா நான்தான் மேய்ச்சலுக்கு.

என் ஃபோன் இப்போ வெங்காயம் நறுக்கற பலகை. அதனாலதான் லெட்டர். நம்ம டிரைவர் அண்ணன் ஜுமாகான் பைகேயோட மினிபஸ்ல மாவு மூட்டை மேல வருது, புளிச்ச குதிரைப்பால் கீழ போகுது. நடுவுல சந்துல நம்ம லெட்டரும் போகும். கொச்கோர்ல உங்க வீட்டுக் கதவைத் தட்டிக் குடுத்துட்டு அப்படியே பிஷ்கெக் போயிடுவார். பிரிச்சுப் படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார். (வணக்கம் பைகே! இந்த வரியை நீங்க படிக்கலைன்னு எனக்குத் தெரியும்.)

இனிமே சீரியஸ். கிளம்பறதுக்கு முன்னாடி பிஷ்கெக் இளையோர் மேடைக்கு நம்ம ‘கடைசி மினிபஸ்’ பேண்ட் பேரைப் போட்டுட்டு வந்தேன். பதில் உன் நம்பருக்குத்தான் வரும். வந்தா உடனே ‘ஆமா’ன்னு அனுப்பு. யோசிக்காதே, யோசிக்கிறது உனக்கு ஒத்துக்காது. புருல் ஏற்கெனவே பாஸ் கிட்டாரோட பிஷ்கெக்லதான் இருக்கா, சித்தி கஃபேல தட்டு கழுவிக்கிட்டு. பாக்கி நீயும் நானும்தான்.

அப்பா என்ன சொல்லியிருக்கார் தெரியுமில்ல? “ஸ்கூல் வராண்டால கத்துறதெல்லாம் பாட்டில்லடா. நிஜ மேடையில ஒரு தடவை உன்னைப் பார்க்கணும். பார்த்தேன்னா இசைக் கல்லூரி. பார்க்கலைன்னா செப்டம்பர்ல வெல்டிங் பட்டறை.” என் கையில கிட்டார் இருக்குமா, வெல்டிங் கம்பி இருக்குமான்றது உன் ரெண்டு குச்சியிலதான் இருக்கு.

கூட ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கேன். மலைப் பரிசு. அம்மாகிட்ட குடு.

எர்மெக்


கொச்கோர்
ஜூலை 10

எர்மெக்,

பொட்டலத்தைப் பிரித்தேன். காய்ந்த சாணி உருண்டைகள். அம்மா அதை உலர்ந்த தயிர் உருண்டை என்று நினைத்துத் தட்டில் அடுக்கி, விருந்தாளி முன்னால் வைத்துவிட்டாள். விருந்தாளி மூக்குக் கண்ணாடி போட்டவர், அதனால் வாயில் போடவில்லை. அம்மா உன்மேல் கோபமாக இருக்கிறாள்.

அந்த விருந்தாளி யாரென்றும் சொல்லிவிடுகிறேன். ‘பொன் மோதிரம்’ கல்யாண பேண்டின் தலாய் பைகே. அவர்களுடைய டிரம்மருக்கு மணிக்கட்டு சுளுக்கு. “இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் தம்பி. ஜனமெல்லாம் ஆட எழுந்திரிச்சப்புறம் தாளம் இல்லேன்னா என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க” என்றார். சரி என்றேன்.

கோடையில் எல்லாக் கல்யாண பேண்டுகளும் இப்படி ஆளைக் கடன் வாங்குவதுதான், உனக்கே தெரியும். யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்கு அந்தத் தேதி. அந்தச் சனிக்கிழமை நமக்கு ஒன்றும் இல்லை. ஜுமாகான் பைகே வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது என்று எழுதுகிறேன்.

பிஷ்கெக்கிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

சாகின்


சொங்கோல்
ஜூலை 11

டமாரம்,

போ போ, தாராளமா போ. கல்யாணத் தோய்க்குப் போய் நல்லா தோய்ஞ்சு வா. பெஷ்பர்மாக் மூணு தட்டு சாப்பிடு, அக்கார்டியன் கிழவர்கிட்ட மாட்டாம தப்பிச்சு வா. ஒண்ணே ஒண்ணு: மாற்றாளா போ, மாறின ஆளா வராதே.

இங்க நானும் வேலை பார்க்கிறேன். நேத்து நாலு வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. கூடாரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி நாய்க்குத் தலை வணங்கணும், அதுதான் எங்க வழக்கம்னு சொன்னேன். வரிசையா நின்னு வணங்கினாங்க. நாய்க்கே வெட்கமாயிடுச்சு. மாமாவுக்கு விஷயம் தெரிஞ்சு சாயங்காலம் என்னை வணங்க வச்சார்.

பதில் வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா?

எர்மெக்


கொச்கோர்
ஜூலை 24

எர்மெக்,

வந்தது. ஆகஸ்ட் இருபத்துமூன்று, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மூன்று பாட்டு. அதில் குறைந்தது ஒன்று சொந்தப் பாட்டாக இருக்க வேண்டுமாம். நம்மிடம் ‘கதவை அறையாதே’ இருக்கிறது. நீ சொன்னபடி யோசிக்காமல் ‘ஆமாம்’ என்று அனுப்பிவிட்டேன். புருலுக்கும் சொல்லிவிட்டேன். ஃபோனிலேயே கத்தினாள், பின்னால் ஏதோ தட்டு உடைந்தது.

பொன் மோதிரம் டிரம்மருக்கு மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. போன சனிக்கிழமையும் போனேன். இந்த வாரமும் போகிறேன். வேறு விசேஷம் இல்லை.

சாகின்


சொங்கோல்
ஆகஸ்ட் 1

சாகின்,

விசேஷம் இல்லையா? இரு, நான் சொல்றேன் விசேஷத்தை.

இன்னிக்கு ஜுமாகான் பைகே மாவு மூட்டை இறக்கும்போது ஒரு பாட்டு முனகிக்கிட்டே இறக்கினார். அழுவாச்சிப் பாட்டு, இழு இழுன்னு இழுவை. மூணாவது மூட்டையிலதான் எனக்கு உறைச்சுது. அது நம்ம பாட்டு.

“பைகே, இது எங்க கேட்டீங்க?”

“தோய்லதான்டா. பொண்ணு புருஷன் வீட்டுக் கார்ல ஏறும்போது போடுவாங்க. ‘கதவை அறையாதே, மெல்லச் சாத்து, உள்ள இருக்கு அம்மாவோட மனசு.’ போன வாரம் என் தங்கச்சி அழுத அழுகையில கண் மை கழுத்துக்கே வந்துடுச்சு. பொன் மோதிரம் பாட்டு. உனக்குத் தெரியாதா?”

தெரியாதா! அந்தாளு மினிபஸ் கதவுல ஒட்டியிருக்கிற ‘கதவை அறையாதே’ ஸ்டிக்கரைப் பார்த்து நான் எழுதின பாட்டுடா அது! ஸ்டிக்கரோட சொந்தக்காரர் பாட்டோட சொந்தக்காரன்கிட்டயே பாடிக் காட்டறார். கதவு உடைஞ்சு டிரைவர் கெட்ட வார்த்தையில திட்டற பாட்டை, கல்யாணப் பொண்ணு அழற பாட்டா மாத்தி வச்சிருக்கீங்க. அக்கார்டியன் வேற!

இது முதல் விசேஷம். ரெண்டாவது விசேஷமும் அவரேதான் சொன்னார். “உன் சிநேகிதன் அன்னிக்கு ராஜா மாதிரி இருந்தான்டா. அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி நீல வெல்வெட் மேலங்கி. அவனுக்கு அப்படியே பொருந்துச்சு.”

உனக்குப் பொருந்துச்சா? உன் கை நீளத்துக்கு இந்த நாட்டுல ரெடிமேட் சட்டையே கிடையாது. ஸ்கூல் யூனிஃபார்ம்லயே உன் மணிக்கட்டு ரெண்டும் வெளிய எட்டிப் பார்க்கும். அளவெடுத்து, வெட்டி, தைச்சு, பொன்னூல் வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? சுளுக்குக்கு மாற்றாளா வந்தவனுக்கு எவன்டா அளவெடுக்கிறான்?

அடிக்கிறது உன் வேலைதான், ஒத்துக்கறேன். முதுகுல அடிப்பேன்னு நினைக்கலை.

ஒரே கேள்வி. ஆகஸ்ட் இருபத்துமூணு சனிக்கிழமை. தோய் நடக்கறதும் சனிக்கிழமை. அன்னிக்கு நீ எந்த ஸ்டூல்ல உட்காரப் போறே?

எர்மெக்


கொச்கோர்
ஆகஸ்ட் 6

எர்மெக்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் ஜுமாகான் பைகேயிடம் கொடுத்துவிட வேண்டும்.

பாட்டைப் பற்றி முதலில். டிரம்மை முறுக்கிச் சரிபார்க்கும்போது வாய் தானாக முனகியது. தலாய் பைகே காதைத் தீட்டிக்கொண்டு, “என்ன பாட்டு அது, இன்னொரு தடவை பாடு” என்றார். பாடினேன். அடுத்த சனிக்கிழமை அவர் வார்த்தையை மாற்றிப் பாடிவிட்டார். அப்போதே எழுந்து “அது எர்மெக்கோடது” என்று சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் பெண் அழுதுகொண்டிருந்தாள், எதிரே இருநூறு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி மேலங்கி. முதல் தோய் முடிந்ததும் அம்மாவும் நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். சாப்பாட்டு விரிப்பின் முதல் இடத்தில் தலாய் பைகேயின் பெரியப்பா. வழக்கம்போல் எல்லாரும் கையேந்தினோம், அவர் ஆசி சொன்னார். அவர் சொல்லும் ஆசி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். ஆட்டிலிருந்து ஆரம்பித்து ஆகாயம் வரை போகும். என் கவனம் எதிரே இருந்த பொரித்த பூர்சோக் தட்டில். எல்லாரும் ‘ஓமின்’ என்றார்கள். நானும் ‘ஓமின்’ என்று முகத்தைத் தடவிக்கொண்டேன். யார்தான் ஆசியை முழுதாகக் கேட்கிறார்கள்? நீ கேட்பாயா?

வெளியே வந்ததும் அம்மா அழுதாள். சந்தோஷத்தில். “இந்தப் பிள்ளை இந்த ஐவரில் ஒருவனாக இருக்கட்டும், பனி விழும்வரை இவர்களை விட்டு விலகாமல் இருக்கட்டும்” என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நான் ஓமின் சொல்லியிருக்கிறேன். மறுநாளே டெய்லர் நாடாவோடு வந்துவிட்டார். வாய்ச்சொல் என்றால் மறுத்திருப்பேன். ஆசிக்குக் கையேந்திவிட்டு எப்படி மறுப்பது? அதுவும் அம்மா முன்னால்?

இதையெல்லாம் உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். நீ சிரிப்பாய். அதுதான் காரணம்.

வசந்த விழா ஞாபகமிருக்கிறதா? என் டிரம்முக்குள் மாவு கொட்டி வைத்தாய். முதல் அடியிலேயே புகைமாதிரி கிளம்பியது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், தலை முழுக்க மாவோடு. என் அப்பா வேலைக்கு லீவு போட்டு நான் வாசிப்பதைப் பார்க்க வந்த ஒரே நாள் அது. பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. உன் பேண்டில் நான் சிரிப்புக்கு. அங்கே நான் வாசித்தால் ஆட எழுந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு அது சின்னதாகத் தெரியலாம்.

கேட்ட கேள்விக்குப் பதில்: இருபத்துமூன்றாம் தேதி தலாய் பைகேயின் தங்கை மகளுக்குக் கல்யாணம். வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கும் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாகின்


சொங்கோல்
ஆகஸ்ட் 9

சாகின்,

கைக்கு ‘ஓமின்’ சொல்லத் தெரிஞ்சிருக்கு, வாய்க்கு ‘இல்ல’ன்னு சொல்லத் தெரியலை. நல்ல வளர்ப்பு.

மாவு விஷயம். அப்பவே நான் ஸாரி சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அது வேற. உங்கப்பா வந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கொட்டியிருக்க மாட்டேன். கொஞ்சமாத்தான் கொட்டியிருப்பேன். இப்பவும் ஜோக் அடிக்கிறேன் பாரு, இந்தக் கை என்னைக் கேட்டு எழுதறதில்லை.

ஆனா கேளு. மாவைத் தட்டினா போயிடும். நீ பண்ணது தட்டினா போகுமா? ஒரு மாசமா ‘விசேஷம் இல்லை, விசேஷம் இல்லை’ன்னு எழுதறே. இந்தப் பக்கம் நான் குதிரைக்கு நடுவுல உட்கார்ந்து நம்ம மூணு பாட்டுக்கு வரிசை போட்டுக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் நீ வெல்வெட்ல என் பாட்டுக்கே தாளம் போடறே. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லுவாங்களே, அந்தச் சேறு நான்தான்னு இப்பத்தான் தெரியுது.

உங்கப்பா எழுந்து போனார்னு வருத்தப்படறே. என் அப்பா அன்னிக்குக் கட்டுப்போட்ட காலோட பிஷ்கெக் வர்றார். அவர் வந்து பார்க்கறப்போ உன் ஸ்டூல் காலியா இருந்தா, நான் செப்டம்பர்ல கண்ணாடி மாட்டிக்கிட்டு இரும்பு ஒட்டப் போறேன். ஆயுசுக்கும்.

ஒரு வாரம் டைம். தலாய் பைகேகிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லு. சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுது. உன் எழுத்து வர்ற வரைக்கும் அந்த ஸ்டூல் உன்னோடது. வேற ஒருத்தனை அதுல உட்கார விடமாட்டேன்.

எர்மெக்


கொச்கோர்
ஆகஸ்ட் 15

எர்மெக்,

சொல்லிவிட்டேன்.

மேலங்கியை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, தையல் பிரிஞ்சிடுச்சா?”

“இல்ல பைகே. இருபத்துமூணாம் தேதி என்னால வர முடியாது.”

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்ல. எங்க பேண்டுக்கு பிஷ்கெக்ல மேடை. உங்களுக்கு முன்னாடியே நாங்க சேர்ந்து ஆரம்பிச்சது.”

“அந்த ஸ்கூல் பசங்களா? நாலு வருஷமா ஸ்கூல் தாண்டலையே அந்தப் பஸ்!” என்று சிரித்தார். பிறகுதான் நான் சிரிக்கவில்லை என்று பார்த்தார். குழாயை மூடினார். “என் தங்கச்சி பொண்ணு கல்யாணம்டா. பெரியப்பா கையேந்தி ஆசி சொன்னாரு. அவர்கிட்ட நான் என்ன சொல்றது? பையன் ஆசியைத் திருப்பிக் குடுத்துட்டான்னா?”

“நான் கவனிக்காம ஓமின் சொல்லிட்டேன் பைகே.”

“கவனிக்காமயா?” அதை அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார். மேலங்கியை வாங்கிக் கார் மேல் வைத்தார். ஈரத்தில் வெல்வெட் கறுத்துப் போனது. “இனிமே எந்தச் சனிக்கிழமையும் வராதே. இந்த ஊர்ல எந்தத் தோய்லயும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. நான் சொல்ல வேண்டியதே இல்லை, அதுவா பரவிடும்.”

அந்தப் பாட்டு உன்னுடையது என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. தேநீரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

இருபத்துமூன்று காலை முதல் மினிபஸ்ஸில் கிளம்புகிறேன். மூன்று பாட்டையும் தலையணை மேல் தினமும் வாசித்துப் பார்க்கிறேன். இரண்டாவது பாட்டில் நீ எப்போதும் சீக்கிரம் நுழைந்துவிடுகிறாய், அதற்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். வருகிறேன் என்றால் வருகிறேன்.

ஒரு வரி எழுது.

சாகின்


சொங்கோல்
ஆகஸ்ட் 18

சாகின்,

சரி, வா. மூணு மணிக்கு மேடைக்குப் பின்னால. குச்சி எடுத்துட்டு வா.

எர்மெக்


கொச்கோர்
ஆகஸ்ட் 26

எர்மெக்,

மூன்று மணிக்கு மேடைக்குப் பின்னால் வந்தேன். குச்சி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று நீ என்னை அதிகம் பேசவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

புருல் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. “நீ எங்க இங்க? எர்மெக் உன்கிட்ட சொல்லலையா?” என்றாள். பக்கத்தில் ஒருவன் என் குச்சியைப் பார்த்துவிட்டுக் கை நீட்டினான். “நான் ரெனாத். நீயும் வாசிப்பியா? எந்த நேரம் உங்களுக்கு?” நல்ல பையன். இன்னும் இரண்டு பேண்டில் வாசிக்கிறானாம், உங்களுக்காக அதில் ஒன்றுக்கு அன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்தானாம். பெருமையாகச் சொன்னான்.

எப்போதிலிருந்து என்று புருலிடம் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது. ஒன்பதாம் தேதி மலையிலிருந்து வந்த மினிபஸ்ஸில் அவளுக்கும் ஒரு கடிதம் வந்ததாம், டிரம்மர் தேடு, சாகின் வரமாட்டான் என்று. அதே மினிபஸ்தான் எனக்கு உன் கடிதத்தையும் கொண்டுவந்தது. ஒரு வாரம் டைம், உன் எழுத்து வரும்வரை ஸ்டூல் உன்னுடையது என்று எழுதிய கடிதம். இரண்டையும் ஒரே நாளில், அநேகமாக ஒரே பேனாவில் எழுதியிருப்பாய்.

அதையும் விட்டுவிடலாம். அப்போது நீ கோபத்தில் இருந்தாய். பதினைந்தாம் தேதி நான் எழுதிய கடிதம் உன் கைக்கு வந்தது. தலாய் பைகே, மேலங்கி, அம்மா எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டுத்தான் ‘சரி, வா’ என்று எழுதினாய்.

நீ கிட்டாரோடு வந்தாய். என்னைப் பார்த்தாய். “எப்படி இருக்கு? ஒருத்தனை நம்பி வந்து நிக்கறது எப்படி இருக்குன்னு இப்ப தெரியுதா?” என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அப்புறம் எப்போதும்போல நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தாய். உன் எல்லாக் குறும்புக்கும் கடைசியில் நான் சிரித்துவிடுவேன், அப்போதுதான் அது குறும்பாக முடியும். அன்று சிரிப்பு வரவில்லை. நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து உன் முகம் மாறியது. “கோவிச்சுக்காதேடா. ரெனாத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன், ஒத்திகையெல்லாம் பார்த்தாச்சு, நான் என்ன பண்றது?” என்றாய்.

என்ன பண்ணுவது என்று எனக்கும் தெரியாது. ஆறாம் தேதி நானும் அதையேதான் எழுதியிருந்தேன்.

நான் போய்விட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை. அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன். உன் அப்பா ஓரத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு, உட்காரச் சொன்னவர்களை முறைத்துக்கொண்டு நின்றிருந்தார். முடிந்ததும் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார், விழப் பார்த்தார். இனி உன்னை வெல்டிங்குக்கு அனுப்பமாட்டார். அது எனக்குச் சந்தோஷம். பொய்யில்லை.

இரண்டாவது பாட்டில் நீ வழக்கம்போல சீக்கிரம் நுழைந்தாய். ரெனாத்துக்கு அது தெரியாது, தடுமாறினான், பிறகு பிடித்துக்கொண்டான். யாரும் கவனிக்கவில்லை. கடைசிப் பாட்டில் என் விரல்கள் பையின் மேல் தட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கவனித்துவிட்டார்.

“நீயும் மேளக்காரனா தம்பி?”

“ஆமா ஏஜே.”

“எந்த பேண்டு?”

பாட்டு முடிந்தது. நீங்கள் மூன்று பேரும் முன்னால் வந்து குனிந்தீர்கள். சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று கொஞ்சம் காத்திருந்தேன். அவர் காதை என் பக்கம் சாய்த்தபடியே நின்றார்.

“எதுலயும் இல்லை,” என்றேன்.

சாகின்